கடலுக்குப் போட்ட காப்பு

பெய்னு,
12 ஏப்ரல் 2001

அன்புள்ள ரபிகா அக்காவுக்கு,

போன முறை நம் இரண்டு வண்டிகளும் பெய்னுவில் பக்கத்தில் பக்கத்தில் நின்றபோது நீங்கள் ஜன்னல் திரையை இழுத்துவிட்டீர்கள். எட்டு நிமிடமும் நான் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இடது ஓரத்தில் தேநீர்க் கறை இருக்கிறது, துவைக்கப் போடுங்கள். இந்தக் கடிதத்தை உங்கள் வண்டி மின்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். அவரிடம் திரை இல்லை.

பதினோரு வருடம் ஒரே ரயில் பெட்டியில் உங்களோடு பணிப்பெண்ணாக வேலை பார்த்திருக்கிறேன். உங்கள் குறட்டை எந்த ஸ்டேஷனில் ஆரம்பித்து எந்த ஸ்டேஷனில் ஓயும் என்று எனக்குத் தெரியும். அப்படிப்பட்டவளை ஒரு மீன் பொட்டலத்துக்காக வேறு வண்டிக்கு மாற்றச் சொல்லி ஆபீசில் எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். நான் வந்த திசைக்கு எதிர்த்திசையில் நீங்கள் போகிறீர்கள், அவ்வளவுதான் இப்போது நம் உறவு.

நான் செய்தது தப்புதான். இரண்டு வருடமாக உங்கள் தங்கை கம்ஷாத் மங்கிஸ்தாவ் ஸ்டேஷனுக்கு வந்து என் கையில் கொடுத்த புகைபோட்ட மீனை, யாரோ பயணி கொடுத்தார் என்று சொல்லி உங்கள் தட்டில் வைத்தேன். பொய்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது அவள் சொல்லச் சொன்ன பொய். "தெரிஞ்சா அக்கா தின்ன மாட்டா. தெரியாம தின்னட்டும்" என்றாள். தன்னை வளர்த்தவள் என்று சொல்லவில்லை அக்கா, "எங்க அம்மா மாதிரி" என்றுகூடச் சொல்லவில்லை. அக்கா என்று மட்டும்தான் சொன்னாள்.

உங்கள் கால் நரம்பைப் பார்த்து டாக்டர்கள் இனி வண்டி வேலை கூடாது என்று எழுதிவிட்டார்களாம். ஜூன் பத்தாம் தேதி கடைசிப் பயணம் என்று கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகு மங்கிஸ்தாவ் பக்கம் வர உங்களுக்கு எந்தச் சாக்கும் இருக்காது.

இன்னொரு சேதி. நான் கடலைப் பார்த்துவிட்டேன். காலை ஒன்பதுக்கு வண்டி மங்கிஸ்தாவ் சேர்ந்து மாலை ஏழுக்குத் திரும்பும் வரை அந்தப் பத்து மணி நேரம் நமக்குச் சும்மாதானே. பதினோரு வருடமும் "முதல்ல பெட்டியைத் துடை, அப்புறம் தூங்கு, கடல் எங்கயும் ஓடிப் போகாது" என்றே என்னைக் கட்டிப் போட்டீர்கள். இப்போது துடைக்கச் சொல்ல ஆளில்லை. போனேன். இருபது கிலோமீட்டர்தான் அக்கா. இருபதே கிலோமீட்டர்.

தங்கையின் முகவரியை எழுதட்டுமா?

உங்கள்
ஷோல்பான்


18 ஏப்ரல் 2001

ஷோல்பான்,

ஒன்பதாம் பெட்டியை நீ விட்டுப்போன லட்சணம் இப்போதுதான் தெரிகிறது. தேநீர்க் கிளாஸ் வைக்கும் கூடு மூன்று குறைகிறது. வெந்நீர்க் கொதிகலனுக்குக் கீழே சாம்பல் பாறையாகக் கிடக்கிறது. இரண்டாவது கழிவறைத் தாழ்ப்பாளை நூல் போட்டுக் கட்டியிருக்கிறாய். தாழ்ப்பாளை நூலால் கட்டுகிறவள் எனக்குக் கடலைப் பற்றிச் சொல்ல வருகிறாள்.

முகவரி எழுதினால் கடிதத்தைப் படிக்காமல் கிழித்துப் போடுவேன். இது சத்தியம்.

திரையைத் துவைக்கப் போட்டாயிற்று.

ரபிகா

கடல் சத்தம் போடுமா, சும்மா கிடக்குமா?


6 மே 2001

அன்புள்ள அக்காவுக்கு,

கேட்டீர்களே, அதுவே போதும்.

கடல் சத்தம் போடுகிறது, ஆனால் யாரையும் எழுப்பாத சத்தம். பயணிகள் எல்லாரும் தூங்கிய பிறகு நம் பெட்டி ஓடுமே, அந்த மாதிரி. கொஞ்ச நேரம் கேட்டால் நாம்தான் எங்கோ போய்க்கொண்டிருக்கிறோம் என்று தோன்றுகிறது. நான் ஒரு கல்லில் உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொள்ளத் தேடினேன், நம்புவீர்களா?

முதல் தடவை பார்க்கிற எதையும் வெறுங்கையோடு பார்க்கக் கூடாது என்று நீங்கள்தான் எனக்குச் சொல்லித் தந்தீர்கள். மின்காரர் வீட்டுக்கு மருமகள் வந்தபோது, முகத்திரையை விலக்குவதற்கு முன்னால் கோரிம்திக் வைக்கணும், முகம் பார்த்த காணிக்கை வைக்கணும் என்று உங்கள் கழுத்துத் துணியையே கழற்றிக் கொடுத்தீர்களே. கடலுக்கு என்ன கொடுப்பது என்று தெரியவில்லை. என் சட்டையில் மேல் பொத்தானைப் பிய்த்துப் போட்டேன். இரண்டு நாள் மேலதிகாரி என்னைப் பார்த்து முறைத்தார்.

முகவரி எழுதவில்லை, பயப்படாதீர்கள். ஊர் சுற்ற வழி மட்டும் எழுதுகிறேன். கடைசிப் பயணத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், பெட்டியைத் துடைக்காமல் விட்டால் ரயில் கவிழ்ந்துவிடாது.

ஸ்டேஷன் வாசலில் வேன் நிற்கும். நடுவில் ஒட்டகம் வழியை மறித்தால் இறங்கி விரட்டப் போகாதீர்கள், அது உங்களைவிடப் பிடிவாதம். ஊருக்குள் தெருவுக்கெல்லாம் பெயர் கிடையாது. வட்டாரத்துக்கு ஓர் எண், வீட்டுக்கு ஓர் எண், அவ்வளவுதான். ஆனால் எந்தப் பக்கம் இறக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் நடந்தால் கடல் வந்துவிடும். அங்கே ஆற அமர உட்காருங்கள். பிறகு நாலாம் வட்டாரத்துக்கு வந்து கலங்கரை விளக்கத்தைப் பாருங்கள். தனியாகக் கோபுரம் கட்டவில்லை அக்கா, பதினோரு மாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியில் தூக்கி வைத்திருக்கிறார்கள். கீழே ஆட்கள் சமைக்கிறார்கள், துணி காயப்போடுகிறார்கள், மேலே கப்பலுக்கு வழி காட்டுகிறது. இந்த அதிசயம் வேறெங்கும் கிடையாது என்று அந்த ஊர்க்காரர்கள் மார்தட்டுகிறார்கள். அதைக் கட்டாயம் பாருங்கள். முற்றத்துக்குள் போய் நின்று அண்ணாந்து பார்த்தால்தான் முழுசாகத் தெரியும்.

கிளாஸ் கூடு மூன்றும் சமையல் பெட்டிக்காரியிடம் இருக்கிறது. என் மேல் பழி போடாதீர்கள்.

ஷோல்பான்


24 மே 2001

ஷோல்பான்,

கூடு மூன்றும் கிடைத்தன. மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும், நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. அந்த மீன் யார் அனுப்பியது என்று முதல் பொட்டலத்திலேயே எனக்குத் தெரியும். துணியில் போட்டிருந்த முடிச்சு நான் சொல்லித் தந்தது. அம்மாவும் அப்பாவும் இறந்த வருடம் அவளுக்கு ஏழு வயது. பள்ளிக்கூடத்துக்கு ரொட்டி கட்டிக் கொடுப்பேன், வழியில் அவிழ்ந்துவிடும். அதனால் துணி நுனியை உள்ளே மடித்து இழுக்கும் முடிச்சு ஒன்றைக் கற்றுக் கொடுத்தேன். எங்கள் இருவரைத் தவிர யாரும் அப்படிக் கட்ட மாட்டார்கள். இரண்டு வருடம் நீ சொன்ன பொய்யைக் கேட்டுக்கொண்டு நான் அந்த மீனைத் தின்றேன். முள்ளைக்கூட விடவில்லை.

தெரியாத மாதிரி இருந்தவரை தின்ன முடிந்தது. நீ ஒரு நாள் மனசு கேட்காமல், "அக்கா, இது கம்ஷாத் குடுத்தது" என்று போட்டு உடைத்தாயே, அதற்குப் பிறகு எப்படித் தின்பது? உன்மேல் எனக்கு வந்த கோபம் அதுதான். என் மீனைப் பறித்துவிட்டாய்.

தொண்ணூற்றிரண்டில் அவள் அந்த அதாய் குலத்துக்காரனோடு போனாள். இருபது வயதில் பெண்கள் போவதுதான், உலகத்தில் நடக்காததா. முறை என்று ஒன்று இருக்கிறது. மூன்று நாளுக்குள் மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் வந்து பெண் வீட்டு வாசலில் மன்னிப்புக் கேட்பார்கள். நாம் முகத்தைத் திருப்பிக்கொள்வோம், திட்டுவோம், பிறகு தேநீர் கொடுப்போம். திட்டுவதற்குச் சொற்களைக்கூட நான் சேர்த்து வைத்திருந்தேன். அம்மா இல்லாத வீடு, கேட்க ஆளில்லை என்றுதானே யாருமே வரவில்லை? ஒன்பது வருடமாக என்னைத் தின்பது அவள் போனதல்ல, அவர்கள் வராதது.

கடைசிப் பயணத்தில் நான் ஊருக்குள் போகிறேன். கடல் பார்க்க மட்டும். உன் கலங்கரை விளக்கத்தையும் பார்க்கிறேன். வேறு எதற்கும் இல்லை. இதை நீ யாரிடமாவது போய்ச் சொன்னால் உன் கொதிகலன் வெடிக்கட்டும்.

ரபிகா


ஒன்பதாம் பெட்டி, திரும்பும் வழியில்
10 ஜூன் 2001

ஷோல்பான்,

நீ ஒரு கள்ளி. இதை முதலில் எழுதிவிடுகிறேன், அப்புறம் மறந்துபோகும்.

காலையில் பெட்டியைத் துடைக்கவில்லை. ஒரு தம்ளர்கூடக் கழுவவில்லை. சீருடையை மாற்றினால் போகும் இடம் என்னவென்று எனக்கே கேள்வி வரும் என்று சீருடையோடே கிளம்பினேன். ஒட்டகம் மறித்தது. வேன்காரர் ஹாரன் அடிக்கவில்லை, ஒரு சூரியகாந்தி விதையை உடைத்துத் தின்றுகொண்டு காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். இருபத்தாறு வருடத்தில் நேரம் பார்க்காமல் நான் காத்திருந்தது அதுதான் முதல் முறை.

ஊர் வெள்ளையாக இருக்கிறது. சுண்ணாம்புக் கல் வீடுகள், வெயில், வெயிலிலும் குளிர்ந்த காற்று. குழாயில் வரும் தண்ணீரும் கடலைக் காய்ச்சியதுதானாம், மரங்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஊற்றுகிறார்கள். அதனால் மரங்களெல்லாம் வீட்டுப் பிள்ளைகள் மாதிரி நிற்கின்றன. இறக்கத்தில் நடந்தேன். ஒரு கட்டத்தில் வானம் தரைவரைக்கும் இறங்கிவிட்டது என்று நினைத்தேன். அப்புறம்தான் அதன் கீழ்ப்பாதி அசைவது தெரிந்தது.

நீ சொன்ன சத்தம் சரிதான். நானும் கம்பியைத் தேடினேன்.

செருப்பைக் கழற்றிக் காலைத் தண்ணீரில் விட்டேன். இந்தக் காலைப் பார்த்த டாக்டர் கைவிட்டுவிட்டார், கடல் எதுவும் சொல்லாமல் பிடித்துக்கொண்டது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது. வண்டி ஓடுவது போலவும் நான் எந்த ஸ்டேஷனுக்கும் கதவு திறக்கத் தேவையில்லாதது போலவும் இருந்தது. கம்ஷாத் ஏழு வயதில் இரண்டு பின்னலோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கனவா நினைப்பா, எனக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் விதை விற்கும் பெண்.

"யாருக்காகக் காத்திட்டிருக்கீங்க?" என்று கேட்டாள்.

"யாருக்காகவும் இல்ல. கடல் பார்க்க வந்தேன்."

"ரயில்காரங்க கடல் பார்க்க வர மாட்டாங்களே. வண்டியிலயே படுத்துத் தூங்கிடுவாங்க."

"நான் தூங்கி முடிச்சிட்டேன்" என்றேன். அவள் சிரித்துவிட்டு ஒரு கை விதை கொடுத்துவிட்டுப் போனாள்.

இப்போது உண்மையைச் சொல்கிறேன். சட்டைப் பையில் அம்மாவின் வெள்ளிக் காப்பு இருந்தது. கடலுக்காக நான் அதைக் கொண்டுவரவில்லை. கம்ஷாத்துக்கு ஒரு பெண் குழந்தை என்று நீ ஒரு தடவை வாய் தவறிச் சொன்னாய். பார்க்க நேர்ந்தால் வெறுங்கையாக இருக்கக் கூடாதே என்று எடுத்து வைத்திருந்தேன். ஆனால் அங்கே உட்கார்ந்திருக்க உட்கார்ந்திருக்க எனக்குத் தைரியம் போய்விட்டது. முகவரி கேட்கவும் மாட்டேன் என்று சத்தியம் வேறு செய்தாயிற்று. இனி எதற்கு இந்தக் காப்பு, பையில் கிடந்து உறுத்துவதற்கா? இந்த நாளோடு எல்லாம் தீரட்டும் என்று எழுந்து நின்று கடலில் வீசினேன். "உனக்கு இது என் கோரிம்திக்" என்று கடலிடம் சொன்னேன். அது சத்தமே இல்லாமல் வாங்கிக்கொண்டது. அம்மாவின் காப்பு. பாவி நான்.

சரி, வண்டிக்குத் திரும்புவதற்குள் நீ சொன்ன கலங்கரை விளக்கத்தையும் பார்த்துவிடலாம் என்று நாலாம் வட்டாரத்துக்கு நடந்தேன். முற்றத்துக்குள் போனேன். அண்ணாந்தேன். நீ சொன்ன மாதிரியே நடு முற்றத்தில் நின்று அண்ணாந்தேன், கேட்கிறதா? அப்போது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

"பெரியம்மா, அது பகல்ல எரியாது."

நான் திரும்பவில்லை. "யாருக்குடி நான் பெரியம்மா?" என்றேன்.

"எனக்குத்தான். நீங்க ஒன்பதாம் பெட்டி. அம்மா பிளாட்பாரத்துல தூணுக்குப் பின்னாடி நின்னு காட்டுவாங்க. படிக்கட்டுக் கம்பியை ரெண்டு ரெண்டு தடவை துடைப்பீங்க."

என் காலுக்குக் கீழே தரை ஓடியது. சட்டென்று இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டேன்.

"ஏன் கண்ணை மூடுறீங்க? தூசியா?"

"தூசி இல்ல. உன்னை நான் இன்னும் பார்த்ததில்ல. வெறுங்கையோட முதல் தடவை பார்க்கக் கூடாது. கொண்டுவந்ததைக் கடல்கிட்ட குடுத்திட்டேன்."

அவள் யோசித்தாள். யோசிப்பது மூச்சில் கேட்டது. "கடல் திருப்பித் தராது" என்றாள். "அப்போ தலைத்துணியால கட்டிக்கோங்க. நான் கூட்டிட்டுப் போறேன். லிஃப்ட் ஓடாது, ஒன்பதாவது மாடி. படியை நான் எண்ணுறேன்."

கட்டிக்கொண்டேன், ஷோல்பான். நாற்பத்தொன்பது வயதில், ரயில்வே சீருடையில், கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு எட்டு வயதுப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு படியேறினேன். அந்தக் கை சின்னது, கொஞ்சம் பிசுபிசுப்பு, ஏதோ இனிப்பு தின்றிருக்கிறாள். பெயர் இஞ்சு என்றாள். நூற்று நாற்பத்து நான்கு படி. நடுவில் இரண்டு தடவை எனக்காக நின்றாள். "உங்க காலு வலிக்கும்னு அம்மா சொன்னாங்க" என்றாள். கால் வலி எப்படித் தெரியும் அவள் அம்மாவுக்கு? நீதான். வேறு யார்.

கதவு திறந்தது. "அக்கா" என்று ஒரு குரல். வேறெதுவும் இல்லை. அப்புறம் பயந்துபோய், "கண்ணுக்கு என்ன ஆச்சு?" என்றாள். இஞ்சு வக்கீல் மாதிரி எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னாள். கம்ஷாத்துக்குச் சிரிப்பு வரும்போது முதலில் மூக்கில் காற்று வரும். அது அப்படியே இருக்கிறது. பிறகு அழுதாள். அதுவும் அப்படியேதான், மூன்று விக்கல், பிறகு கோபம்.

"அவளைப் பார்த்ததில்ல, சரி. என்னையுமா பார்த்ததில்ல? எனக்கு எதுக்குக் கட்டு?"

"ஒன்பது வருஷத்துக்கு முந்தி இருந்தவளைத்தான் பார்த்திருக்கேன். இப்போ இருக்கிறவளை இன்னும் பார்க்கல" என்றேன்.

உனக்கு மட்டும் சொல்கிறேன். முறை ஒரு பக்கம் இருக்கட்டும், எனக்குப் பயம். அந்தக் கட்டை அவிழ்த்தால் அவள் முகத்தில் ஒன்பது வருடமும் எழுதியிருக்கும், அதில் பாதி என் கையெழுத்தாக இருக்கும். துணி நல்ல சாக்கு. அதற்குப் பின்னால் இருந்துகொண்டு மீன் தின்றேன். கம்ஷாத் முள்ளெடுத்துக் கையில் வைத்தாள். ஜன்னல் திறந்திருந்தது, ஒன்பதாவது மாடிவரைக்கும் கடல் கேட்டது.

அவள்தான் முதலில் கேட்டாள். "ஏன் நீ என்னைக் கூப்பிடவே இல்ல? கூப்பிடாம பிறந்த வீட்டு வாசலை எப்படி மிதிக்கிறது? ஒவ்வொரு வசந்தத்துலயும் துணியெல்லாம் எடுத்து வச்சு, இந்த வருஷம் அக்கா கதவு திறப்பான்னு இருந்தேன்."

"உங்க ஆளுங்க வந்து மன்னிப்புக் கேட்டாங்களா, நான் கதவு திறக்க?"

மூலையிலிருந்து ஒரு கனத்த குரல் வந்தது. அவன் வீட்டிலேயே இருந்திருக்கிறான், அந்த அதாய்க்காரன் ஓதெகென். மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்திருக்கிறான்.

"வந்தோம், மைனி. மூணாம் நாள். நானும் எங்க அப்பாவும் சித்தப்பாவும். கதவு பூட்டியிருந்துச்சு. படியில வந்த ஒருத்தர், பூட்டிட்டுப் போயிட்டா, எப்போ வருவான்னு தெரியாதுன்னாரு. நம்ம முகத்துல முழிக்க இஷ்டமில்லாமத்தான் பூட்டிட்டான்னு எங்க அப்பா திரும்பிட்டாரு. பூட்டின கதவுக்கு முன்னாடி ரெண்டாம் தடவை நிக்க மாட்டேன்னு சாகிறவரைக்கும் சொன்னாரு."

நான் எங்கே போயிருந்தேன் என்று உனக்குத் தெரியும். எங்கே போவேன்? வேலைக்கு. இரண்டாம் நாளே என் முறை. வீட்டில் உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று, யாரும் வர மாட்டார்கள் என்று நானே முடிவு செய்து வண்டி ஏறிவிட்டேன்.

"எந்த வண்டியில வந்தீங்க?" என்று கேட்டேன்.

"உங்க எதிர் வண்டியிலதான். பெய்னுல ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல நின்னுச்சு. எதிர்ப் பெட்டி வாசல்ல ஒரு அம்மா நீலத் தலைத்துணி கட்டிக்கிட்டு கம்பியைத் துடைச்சிக்கிட்டு இருந்தாங்க. ஒரு தடவை துடைச்சதையே திரும்பத் துடைச்சாங்க. எங்க அப்பா, நல்ல வேலைக்காரின்னு சொன்னாரு."

எட்டு நிமிடம், ஷோல்பான். நான் சேர்த்து வைத்த வசவு அவ்வளவையும் வைத்துக்கொண்டு நான் இந்தப் பக்கம் நிற்க, கேட்க வேண்டிய மன்னிப்பை வைத்துக்கொண்டு அவர்கள் அந்தப் பக்கம் நின்றிருக்கிறார்கள். நான் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். யாரைக் குற்றம் சொல்வது? ரயில்வே கால அட்டவணையையா?

பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது. கட்டுக்குள் கண்ணீரும் வந்தது, துணி நனைந்து ஒட்டிக்கொண்டது. கம்ஷாத் அவிழ்க்க வந்தாள். வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டேன். "முறையா நடக்கட்டும். நான் கதவு திறக்கிறேன். நீ வா. அவளையும் கூட்டிட்டு வா. அன்னைக்கு ரெண்டு பேரையும் கை நிறைய வச்சுக்கிட்டுப் பார்க்கிறேன்" என்றேன்.

மூன்று பேரும் வேன்வரைக்கும் வந்தார்கள். வேன் திரும்பிய பிறகுதான் துணியை அவிழ்த்தேன். பின் கண்ணாடி வழியாகப் பார்க்கவில்லை. கழுத்து அந்தப் பக்கம் போகத்தான் பார்த்தது, இழுத்துப் பிடித்துக்கொண்டேன். அவிழ்த்த துணி கையில் இல்லை என்பது ஸ்டேஷனுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, வேன் படியில் விழுந்திருக்க வேண்டும்.

பதினேழாம் தேதி உன் வண்டி. அவர்களை உன் பெட்டியில் ஏற்றிக் கொண்டுவா. நல்ல படுக்கையாகப் பார்த்துக் கொடு, அங்கேயும் தாழ்ப்பாளை நூலால் கட்டியிருப்பாய், அந்தப் பக்கம் போடாதே.

நாளை விடியலில் பெய்னுவில் திரை திறந்திருக்கும். நான் கீழே இறங்கி நிற்பேன். இந்தக் கடிதத்தை மின்காரரிடம் கொடுக்க மாட்டேன், உன் கையில் கொடுப்பேன்.

உன் அக்கா
ரபிகா


அக்தோபே, உங்கள் வீட்டுப் படிக்கட்டில்
18 ஜூன் 2001

அக்கா,

கதவைத் திறப்பதற்கு முன் இதைப் படியுங்கள். அதற்காகத்தான் தட்டாமல் கதவுக்கு அடியில் தள்ளச் சொல்லியிருக்கிறேன். தள்ளியது இஞ்சு, இடது கையால்.

உங்கள் காப்பைத் தேடிக் கடற்கரையில் கால் தேய நடந்தேன். இல்லை. கடல் வாங்கியது வாங்கியதுதான், என் பொத்தானையே இன்னும் தரவில்லை. விடுங்கள். அதைப் போட்டதால்தானே நீங்கள் கண்ணைக் கட்டினீர்கள், கட்டியதால்தானே படியேறினீர்கள். கையில் காப்போடு நின்றிருந்தால் பிள்ளையைப் பார்த்து, அதைப் போட்டுவிட்டு, முற்றத்தோடு திரும்பியிருப்பீர்கள். உங்களை எனக்குத் தெரியாதா?

நீங்கள் கை நிறைய வைத்துக்கொண்டு உள்ளே நிற்பீர்கள் என்று தெரியும். மூன்று நாளாக வீட்டைத் துடைத்திருப்பீர்கள், ரெண்டு ரெண்டு தடவை. கம்ஷாத் இங்கே சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தவள், படி ஏறியதிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. ஓதெகென் கீழே ஓர் ஆட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அவன் அப்பா அன்றைக்குத் திருப்பிக் கொண்டுபோன மன்னிப்பைக் கேட்டுவிட்டுத்தான் மேலே வருவானாம். வசவுகள் மிச்சம் இருந்தால் தாராளமாகத் திட்டுங்கள், பாவம், ஒன்பது வருடமாகக் காத்திருக்கிறான்.

இன்னொன்று. வேன் படியில் விழுந்த உங்கள் நீலத் துணியை வேன்காரர் கொண்டுவந்து கொடுத்துவிட்டார், அது இஞ்சுவிடம்தான் இருக்கிறது. இப்போது அவள் அதைத் தன் கண்ணில் கட்டிக்கொண்டு நிற்கிறாள். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "பெரியம்மாவோட பாதி முகத்தைத்தான் நான் கிட்ட பார்த்திருக்கேன். கண்ணை இன்னும் பார்க்கல. எனக்கும் அதேதான் முறை" என்கிறாள். வலது கையை இறுக மூடி வைத்திருக்கிறாள். உள்ளே உங்களுக்கு என்னவோ இருக்கிறது. ரயிலில் தூங்கும்போதுகூட விரலைப் பிரிக்கவில்லை, எனக்கும் காட்ட மாட்டேன் என்கிறாள்.

படித்துவிட்டீர்களா? திறங்கள்.

ஷோல்பான்